இருமலுக்கு விற்க இருந்த ஃப்ளாட்

போன வாரம் எங்கள் டெல்லி மயூர் விஹார் ஃப்ளாட்டைப் பார்க்க வந்த புரோக்கருக்கு டீ கொடுத்து, இந்தியில் ‘பையா, வீடு விற்பனைக்கு இல்லை’ என்று அனுப்பி வைத்தேன். விற்க நினைத்ததற்குக் காரணம் என் கணவரின் இருமல். அதுதான் நின்றுவிட்டதே!

குளிர் தொடங்கியதும் ஆரம்பித்த வறட்டு இருமல். டெல்லியில் இருமினால் யாராவது காரணம் தேடுவார்களா? லிஃப்டில் ஏறினால் ‘பொல்யூஷன்’. பால் வாங்கப் போனால் ‘பொல்யூஷன்’. ஏர் ப்யூரிஃபையர் வாங்கினோம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து அதிமதுரம் வந்தது. பால்கனிக்குத் துணி எடுக்கப் போனாலும் மாஸ்க்...

ஒருநாள் அறிவித்துவிட்டார் — வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்கே போய்விடலாம். மகள், சிநேகிதிகள், மலை மந்திர் பஜனை என்று எனக்கு எல்லாமே இங்கேதான். அழுகையாக வந்தது. ஆனால், இருமுகிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அங்கே வீடு பார்க்கப் போய் நாத்தனார் வீட்டில் தங்கினோம். அருமையான காற்று. அதிலும் இருமினார். “டெல்லி அழுக்கு இன்னும் உள்ளேயே இருக்கு” என்று அதற்கும் விளக்கம் சொன்னார்.

நாத்தனார் வழக்கமாகக் காட்டும் டாக்டரம்மாவிடம் போனோம். காற்றைப் பற்றி அவர் பேசவே இல்லை.

“பிரஷருக்கு என்ன மாத்திரைங்க எடுக்கறீங்க?”

தீபாவளிக்கு முன்புதான் ஆரம்பித்த மாத்திரை. டாக்டரம்மா விளக்கினார். ரத்த பிளாஸ்மாவில் உள்ள ஒரு புரதத்திலிருந்து பிராடிகைனின் என்று ஒன்று உண்டாகிறதாம். நம்மைக் கேட்காமல் தானே சுருங்கி விரியும் தசைகள்மீதுதான் அதன் அதிகாரம். ரத்தக்குழாயில் தசையைத் தளர்த்தும், பிரஷர் இறங்கும். மூச்சுக்குழாயில் தசையை இறுக்கும், நரம்பையும் சீண்டும், இருமல் வரும். அது சிதையாமல் இந்த மாத்திரை தடுப்பதால் சிலருக்கு இந்தத் தொல்லையாம்.

ஒரே சரக்கு — ஓர் இடத்தில் தளர்வு, இன்னோர் இடத்தில் இறுக்கம். ஆபீஸில் எல்லோரிடமும் குழைந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் முறைக்கிற ஒருவரோடு முப்பது வருஷமாக வாழ்கிறேன். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். சில வாரங்களில் இருமல் போனது. விற்கும் பேச்சும் போனது. பாவம், மூன்று மாதம் நாங்கள் திட்டித் தீர்த்த டெல்லிக் காற்று!

நேற்றுக் காலை ஜன்னலைத் திறந்தேன். எதிர் பிளாக் தெரியாத அளவுக்குப் புகை. தொண்டை கரகரத்து நன்றாக இருமிவிட்டேன்.

பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார், “நீ என்ன மாத்திரை எடுக்கறே?”

“கால்சியம் மாத்திரைங்க. அதனாலதான் இருக்கும்” என்றேன்.

ஃப்ளாட் முக்கியமில்லையா?