பாலன் குடிலும் பட்டுவால் குருவியும்

லண்டன் மோர்டனில் இருக்கிற எமில்டாவைத் தெரியாத பங்குச் சனம் இல்லை. பாசையூர் செபமாலையின் நடு மகள். தகப்பன் வழியால் பார்த்தால், பங்கில் வருஷா வருஷம் கிறிஸ்து பிறப்புக்குப் பாலன் குடில் கட்டுகிற பஸ்தியாம்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி முறை. கலியாணம் முடித்து நோர்வேக்குப் போனவள். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு, புருஷன் ஜெராட் லண்டனில் கூரை வேலை தொடங்கவேணும் என்று ஒற்றைக்காலில் நிற்க, இங்கே வந்து சேர்ந்தாள்.

நோர்வேயில் அவளுக்கு மரக்கன்றுத் தோட்டத்தில் வேலை. பழைய காட்டை வெட்டுவார்கள். வெட்டின இடத்தில் நட இவள் கன்று வளர்ப்பாள். நல்ல காரியம்தானே என்று கனகாலம் நினைத்திருந்தாள். பக்கத்து வீட்டு இங்கரிட் ஒருநாள் அவளை அப்படி நட்ட காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாம் ஒரே வயது, ஒரே உயரம். பொந்து விழுந்த கிழட்டு மரம் இல்லை, உக்கிப்போன கட்டை இல்லை, பழம் தருகிற செடி ஒன்று இல்லை. ஒரு குருவி கத்தவில்லை.

மிஞ்சியிருந்த பழைய காட்டையும் வெட்ட வந்தபோது ஊர்ச்சனம் போய் மரத்தடியில் குந்திவிட்டது. எமில்டாவுக்கு வேலையை விடவும் ஏலாது, சும்மா இருக்கவும் ஏலாது. பெரிய சட்டி நிறைய றோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய்க் குந்தியிருந்த சனத்துக்குக் கொடுத்தாள். காடு தப்பியது. றோல்ஸால்தான் தப்பியது என்று ஜெராட் இப்பவும் பகிடி பண்ணுவான்.

அந்தக் காட்டில் ஒரு குருவி. தலையில் கொண்டை, சந்தன நிறம், வால் நுனியில் மஞ்சள் கரை. பட்டுவால் என்றுதான் அந்த ஊர்ச்சனம் சொல்லும். குளிர்காலத்தில் அதற்குச் சாப்பாடு றோவன் மரத்துச் சிவப்புப் பழம். அங்கே பழம் காய்க்காமல் விட்டால் கூட்டமாகக் கடல் தாண்டி இங்கால வந்துவிடும்.

போன கார்த்திகையில் இங்கரிட் போன் எடுத்து, இந்த வருஷம் காட்டில் பழமே இல்லை, பட்டுவால் எல்லாம் வெளிக்கிட்டுவிட்டன என்றாள். எமில்டா போனை வைக்க முதலே கணக்குப் பார்த்தாள். பங்கு மண்டபத்து முற்றத்தில் ஒரு றோவன் மரம் நிற்கிறது. அக்கம்பக்கத்தில் பழத்தோடு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். நத்தாருக்கு முதல் பஸ்தியாம்பிள்ளையும் ஆட்களும் அதன் பழக்கொப்பு முழுவதையும் முறித்துக் குடிலுக்குக் கட்டிவிடுவார்கள்.

குடில் வேலை தொடங்குகிற நாள் அவள் போய்ச் சேரப் பஸ்தியாம்பிள்ளை ஏணியில் ஏறிவிட்டார். கீழே நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் இறங்கவில்லை.

"பாலன் யேசுவுக்குக் கட்டுறதைக் குருவிக்குக் குடுக்கச் சொல்லுறியோ தங்கச்சி?"

"பாலனுக்கு அது சோடினை அண்ணை. அதுகளுக்குச் சோறு."

நோர்வேக் குருவிக்கு விசா இருக்கோ என்று ஒருத்தர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். பஸ்தியாம்பிள்ளை சிரிக்கவில்லை. பழக்கொப்பு இல்லாத குடிலைப் பார்த்துச் சனம் என்ன கதைக்கும் என்றதுதான் அவருடைய யோசனை. எமில்டாவுக்கு அது விளங்கியது.

"அப்ப குடிலை மரத்தடியில கட்டுங்கோவன். பழம் முழுக்க உங்கட குடிலுக்கு மேலதானே தொங்கும்."

அவர் மேலே பார்த்தார். மழை பெய்தால் என்றார். ஜெராட் கூரை போட்டுத் தருவார் என்றாள், ஜெராட்டைக் கேட்காமலே. பங்குச் சுவாமி சம்மதிக்கவேணுமே என்றார். சுவாமியோடு தான் கதைக்கிறேன் என்றாள். கடைசியில் ஒரு கொப்பும் முறிக்காமல் இறங்கினார்.

மரத்தடிக் குடிலோடு நத்தார் வந்து போனது. குருவி வரவில்லை. எங்கை உன்ர விருந்தாளியள் என்று பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எமில்டா சிரித்துச் சமாளித்தாலும், வீட்டுக்குப் போய் ஜெராட்டோடு சிடுசிடுத்தாள்.

பாலனைக் காண வந்த மூன்று இராசாக்களின் திருநாள் பூசை முடிந்து வெளியே வந்தால், மரம் நிறையப் பட்டுவால். சின்னச் சதங்கை கிலுக்கினதுபோலச் சத்தம். சனம் வாசலை விட்டு அசையவில்லை. பழம் தின்றது சும்மா இருக்குமோ? குடில் கூரைக்கு வெளியே நின்ற மூன்று இராசாக்களின் சிலைகளின் முடியிலும் சிவப்புச் சிவப்பாக எச்சம்.

பஸ்தியாம்பிள்ளை துடைக்கத் துணியோடு விறுவிறென்று போனார். பாதியில் மேலே பார்த்தார். குருவிகள் தின்றுகொண்டே இருந்தன. கலைந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ, சத்தமில்லாமல் திரும்பி எமில்டாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தின்னட்டும்," என்றார். துணியை மடித்தபடி, "வாற வருஷம் கூரையை இன்னும் ரெண்டடி முன்னுக்கு இழுக்கச் சொல்லு ஜெராட்டை."