வேலியை விட்டு அஸ்டரை வெட்டிய கதை

படலையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வேறு யாருடையதோ தோட்டத்துக்குள் வந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் படலையில் இருந்த இலக்கத்தைப் பார்த்தேன். எங்களுடையதுதான். நிழல் விரிக்கிற மூன்று காட்டு பீச் மரங்களும் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வெறும் கறுப்பு மண், அதன்மேல் ஈர்க்குமாறு இழுத்த கோடுகள். மருந்துக்குக்கூட ஒரு சருகு இல்லை. ஒரு கிழமைக்கு முன்னர், மகள் வீடு மாறுகிறாள் என்று நான் ஓகூஸ் நகருக்கு ரயில் ஏறியபோது அந்த நிலம் முழுக்க வெள்ளை அஸ்டர் பூத்துக் கிடந்தது.

அந்தப் பூக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் படலையில் அப்படி நின்றேன் என்று விளங்காது.

டோஸ்ட்ருப் என்ற டேனிஷ் ஊரில் நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. மண்ணில் கை வைக்க ஆசையென்றால் கொலனிஹேவ எடுக்கவேண்டும். ஊர் ஓரத்தில் சங்கம் வைத்து வாடகைக்குக் கொடுக்கிற சின்னத் தோட்டக் காணி அது. நடுவில் ஒரு மரக் குடில் இருக்கும், சுற்றி உயிர்வேலி இருக்கும். பெயர் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்து எங்களுக்குக் கிடைத்தது, காட்டோடு ஒட்டிய கடைசிக் காணி. ஒரே நிழல். எங்கள் ஆட்கள் எல்லாரும் வெயில் காணிகளில் வெங்காயமும் பூசணியும் விளைவித்து வாட்ஸப்பில் படம் அனுப்ப, எங்கள் பூசணிக்கொடி ஒரு முழம் ஓடிவிட்டு, இனி ஏலாது என்று படுத்துவிட்டது.

எனக்கும் அப்போது ஏலாமல்தான் இருந்தது. இருபத்தேழு வருடம் வீடு வீடாகப் போய் வயதானவர்களைத் தூக்கிக் குளிக்கவார்த்த முதுகு. குனியாதே, கிண்டாதே, பாரம் தூக்காதே என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த இலையுதிர்காலத்தில் நாற்றுமேடைக் கடையில் கழித்துவிட வைத்திருந்த ஒன்பது சட்டிகளைக் கண்டேன். அரைவாசி காய்ந்திருந்தன. சீட்டில் "நிழலுக்கு" என்று எழுதியிருந்தது. பரிதாபப்பட்டு வாங்கினேன் என்று சொன்னால் பொய். என்னைப் போலத்தான் இதுகளும் என்ற எரிச்சலில் வாங்கினேன்.

ஐந்து வருடத்தில் அந்த ஒன்பதும் மரங்களுக்குக் கீழே முழுக்கப் பரவிவிட்டன. கறுத்த மெல்லிய தண்டு, இதயம்போல இலை, ஓகஸ்ட் கடைசியில் தொடங்கிக் குளிர் பிடிக்கும்வரை சின்ன வெள்ளைப் பூக்கள். நடுவில் மஞ்சளாக இருப்பது நாளாக நாளாகச் சிவக்கும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. விழுகிற சருகை விழுந்தபடி விட்டால் அதுவே பசளை, அதுவே போர்வை. பட்ட தண்டுகளை மாரிகாலம் முழுக்க அப்படியே நிற்கவிட்டு, வசந்தத்தில் முக்காலியில் இருந்துகொண்டு கையால் முறித்துப் போட்டால் சரி. வருடத்தில் அவ்வளவுதான் வேலை. அந்தத் தோட்டம் இல்லாவிட்டால் எனக்கு மூன்றாம் மாடியும் வலிக் குளிசையும்தான் மிச்சம்.

என் கணவருக்குச் சருகைக் கண்டால் கை அரிக்கும். கூட்டாத முற்றம் மூதேவி வாசம் செய்யும் இடம் என்று வளர்ந்தவர். "இது தோட்டமோ, காடோ?" என்று வாரத்துக்கு ஒருதரம் சண்டை வரும். கடைசியில் நான் இலைவாரியைக் கொண்டுபோய் என் தம்பி வீட்டுக் கராஜில் ஒளித்து வைத்தேன். தம்பியும் லேசுப்பட்டவன் இல்லை. "அக்கா, இந்தப் பூவிலை ஒரு சுண்டல் போடேலாதோ?" என்று கேட்பான்.

நான் படலையடியில் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, குடிலுக்குள்ளிருந்து தேத்தண்ணிப் போத்தலோடு கணவர் வெளியே வந்தார். முகம் முழுக்கப் பெருமை.

"எப்பிடி இருக்கு? நேற்று நாலு பேர் நிண்டு செய்தனாங்கள். நானும் உம்மடை தம்பியும், கோயில்லை இருந்து வந்த ரெண்டு பேரும். ட்ரெய்லரிலை மூண்டு தரம் ஏத்திக் குப்பைக்குக் கொண்டுபோனது."

"என்ரை அஸ்டர் எங்கை?"

"அதையுந்தான். வேரோடை."

உலகமே காலுக்குக் கீழே சரிந்த மாதிரி இருந்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, பூச்செடிக்குப் போய் இவ்வளவா என்பீர்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது. படலையைப் பிடித்துக்கொண்டேன்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு என்ன விசரோ?"

"கடிதம் வந்தது" என்றார்.

சேட்டுப் பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்துத் தந்தார். எங்கள் வீட்டில் கடிதம் உடைப்பது எப்போதும் நான்தான். கொமுன் நகரசபையோ, வங்கியோ, பள்ளிக்கூடமோ, நான் வாசித்துக் காட்டுகிற இடத்தில் இவர் கையெழுத்து வைப்பார். நான் இல்லாத கிழமையில் முதல்முறையாகத் தானே உடைத்திருக்கிறார். தோட்டச் சங்க நிர்வாகத்தின் கடிதம். உங்கள் உயிர்வேலி அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டது, வெட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்க வருவோம் என்று இரண்டு வரி. அதன் கீழே, விதிகளை மீறினால் குத்தகை முறிக்கப்படலாம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குக் கீழே மட்டும் இவர் நீலப் பேனையால் இரண்டுதரம் கோடு போட்டிருந்தார்.

"வேலியைத்தானே வெட்டச் சொல்லிக் கிடக்கு?"

"உள்ளுக்கு வந்து, இது காடு எண்டு சொன்னா என்ன செய்யிறது? முழுக்கத் துப்புரவாக்கிவிட்டா ஒருத்தரும் வாய் திறக்கேலாது."

"சரி. வேலியை வெட்டினீங்களோ?"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். வேலி இவருடைய தலைக்கு மேலே ஒரு முழம் உயர்ந்து, ஒரு இலை குறையாமல் நின்றது. நாலு ஆண்பிள்ளைகள் ஒரு பகல் முழுக்க வேலை செய்து, வெட்டச் சொன்னதை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். குடிலடியில் வயர் சுருட்டிக்கொண்டிருந்த தம்பி வானத்தைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து நிர்வாகத் தலைவி வந்தா. கையில் தாள் செருகிய ஒரு அட்டை, பேனை, கூடவே குழுவைச் சேர்ந்த ஒருவர். படலையடிக்கு வந்ததும் அவவின் முகம் மாறிப்போனது. வேலியை அவ பார்க்கவேயில்லை.

"பூக்கள் எங்கே?" என்று டேனிஷில் கேட்டா. நிழல் காணிக்காரர் எல்லாருக்கும் உங்கள் தோட்டத்தைத்தான் காட்டப் போகிறேன் என்று இந்தக் குழுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தேனே என்றா. வசந்தத்தில் வேர்த்துண்டு கேட்க நினைத்திருந்தாவாம். நடந்ததை நான் சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டா.

எனக்குள் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த ஆட்கள் போகட்டும், ஐந்து வருடத்துக்கும் சேர்த்து இந்த மனுசனைக் கிழிக்கிறேன் என்று சொற்களை அடுக்கி வைத்துக்கொண்டு திரும்பினேன்.

இவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முப்பது வருடம் பொதிசெய்யும் தொழிற்சாலையில் டேனிஷில் மேலாளரோடு மல்லுக்கட்டின ஆள். கடவுச்சீட்டு இந்த நாட்டுடையது. அந்த ஆள் அந்தப் பெண்ணைப் பார்க்காமல், தமிழில், என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"எங்களை இடத்தைவிட்டு எழும்பச் சொல்லுவினமோ எண்டு கேளும்."

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விசாரணை மேசைக்கு முன்னால் இருந்தபோது இவரிடம் கேட்ட குரல் அது. அது எப்போதோ தீர்ந்துபோயிற்று என்று நான் நினைத்திருந்தேன். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், இத்தனை வருடமாக இந்தப் பயத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. அடுக்கி வைத்த சொற்களை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன்.

கேட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே முதலில் விளங்கவில்லை. பிறகு, "வேலிக்காகவா? அந்த வரி எல்லாருடைய கடிதத்திலும் இருக்கும், எனக்கு வருகிறதிலும் இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தா.

"இல்லையாம். ஒருத்தரும் எழும்பச் சொல்லமாட்டினமாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் யோசித்தார்.

"எழுதித் தருவினமோ?"

அதையும் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் மறுபடி சிரிக்கப் போய், இவருடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டா. அட்டையிலிருந்து ஒரு தாளை உருவி, பேனையின் மூடியைக் கழற்றினா.