அன்னாசியும் மூன்று கிண்ணங்களும்

அது தீபாவளிக்கு முந்திய வாரம் நடந்தது என்று அப்பா இன்றும் சொல்கிறார். இல்லை. அன்று சோதனையை எழுதிவைத்த நோட்டுப்புத்தகம் என்னிடம் இருக்கிறது. பக்கத்தின் மேல்மூலையில் என் கையெழுத்தில் ‘சனிக்கிழமை, மார்ச் விடுமுறை’ என்று எழுதியிருக்கிறது. நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. ஆனால் அன்றைய மாணவி நான் அல்ல, அம்மா.

எங்கள் ஊரான மாசாயிலிருந்து தினமும் தொழிற்சாலைப் பேருந்தில் போய், பாசிர் கூடாங்கில் எண்ணெய் டின்களுக்கு மூடி பொருத்தும் பிரிவில் அம்மா நின்றுகொண்டே வேலை செய்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆய்வுக்கூடம். அங்கே உதவியாளராகச் சேர எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வில் உயிரியல் வேண்டும். அம்மா பதினேழு வயதில் தவறவிட்ட பாடமும் அதுதான். மறுபடி எழுதுவதற்கான விண்ணப்பப் பாரம் ஐஸ்பெட்டிக் கதவில் காந்தத்தின் அடியில் இருந்தது. உயிரியலுக்கான கட்டம் மட்டும் காலி. திங்கட்கிழமை கடைசி நாள். நொதி, அதாவது என்சைம் பற்றிய பாடம் புரிந்தால் கட்டத்தில் குறி போடுவது, புரியாவிட்டால் பாரத்தைக் கிழித்துப் போடுவது என்பது அம்மாவின் முடிவு.

செல் பற்றிய பாடம் அவளுக்கு எளிதாக வந்தது. வாசல், கிடங்கு, மின்சார அறை என்று தொழிற்சாலையைப் போலவே ஒரு செல்லை வரைந்து வைத்திருந்தாள். நொதியில்தான் முட்டிக்கொண்டாள். நொதி வேலையை முடித்த பிறகும் தீராது, அடுத்த வேலைக்குப் போய்விடும் என்று மலாய்ப் புத்தகம் சொன்னது. அம்மா நம்பவில்லை.

“வேலை செஞ்சும் தேயாம இருக்குமா? என் முட்டியக் கேட்டுப் பாரு, பாப்பா.”

ஆகவே சோதனை. ஒரு கிண்ணத்தில் பச்சை அன்னாசி, ஒன்றில் வேகவைத்த அன்னாசி, ஒன்றில் எதுவுமில்லை. மூன்றிலும் கரைத்த ஜெலட்டினை ஊற்ற வேண்டும். பச்சை அன்னாசியின் நொதி ஜெலட்டினில் உள்ள புரதத்தை அறுத்துவிடும், அது உறையாது. விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் முன்பே பார்த்துவிட்டேன்.

“ஜெலட்டின் மாட்டெலும்புல செய்றது. நம்ம வீட்டுச் சட்டியில வேணாம்,” என்றாள் அம்மா. “அகார்-அகார் இருக்கே. அதுவும் உறையத்தானே செய்யுது?”

பத்து மணிக்கு ஊற்றினோம். பன்னிரண்டு மணிக்கு ஐஸ்பெட்டியைத் திறந்தோம். மூன்றும் உறைந்திருந்தன. அம்மா முதல் கிண்ணத்தை விரலால் அழுத்தினாள். கல்யாண வீட்டு அகார்-அகார்கூட அவ்வளவு கெட்டியாக வந்ததில்லை. பிறகு நோட்டைப் பார்த்தாள். அதில் நான் முன்கூட்டியே ‘உறையவில்லை’ என்று பேனாவால் எழுதி வைத்திருந்தேன்.

“திறக்கறதுக்கு முன்னாடியே எப்படி எழுதின?”

“புத்தகத்துல அப்படித்தாம்மா இருக்கு.”

அந்த நேரத்தில்தான் அப்பா எல்லை தாண்டிய சிங்கப்பூர் வேலையிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சமையலறையில் எட்டிப் பார்த்தார்.

“அலமாக், மூணும் சூப்பரா வந்திருக்கே! இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? அப்ப நான் சாப்பிடலாம்லா?”

“தொட்டீங்கன்னா கை இருக்காது.”

சூடாக ஊற்றி நொதியைக் கொன்றுவிட்டோமோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். மறுபடி காய்ச்சினாள். இந்த முறை, குழந்தைக்குப் பால் ஆற்றுவதுபோல் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, ஆறியபின் பச்சை அன்னாசியின் மேல் ஊற்றினாள். மூன்றரை மணிக்கு அதுவும் உறைந்துவிட்டது. அம்மா பாரத்தை எடுத்து நான்காக மடித்தாள். குப்பைக்கூடையின் மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலே அகார்-அகார் உறை கிடந்தது. அதை எடுத்து, பின்பக்கத்திலிருந்த பொடி எழுத்தை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

“கடற்பாசி,” என்றாள் மெதுவாக. “பாப்பா, இது புரதமே இல்ல. அந்த என்சைமுக்கு இதுல வெட்டுற வேலையே கிடையாது. எதிர்ல இருந்தும் தொடாம விட்டிருக்கு பாரு.”

பிறகு ஒரு துண்டு பச்சை அன்னாசியை என் வாயில் வைத்தாள். “முழுங்காத. நாக்குலயே வெச்சிரு.”

சிறிது நேரத்தில் நாக்கு சுரீர் என்றது.

“எரியுதா? உன் நாக்கு புரதம். நீ அதைத் திங்கிறப்ப அதுவும் உன்னைத் திங்குது.”

வெந்த துண்டைக் கொடுத்தாள். எரியவில்லை. அப்பாவுக்கும் கொடுத்தாள். அவருக்கும் பச்சைத் துண்டு மட்டும்தான் எரிந்தது. நான் கண்ணாடிக்கு ஓடி நாக்கை நீட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று என்னைத் தின்றுகொண்டிருந்தது என்பதில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“நாளைக்குச் சரியாயிடும்,” என்றாள் அம்மா. “உள்ள புது செல் கட்டிக்கிட்டே இருக்கும். அதுக்கும் என்சைம்தான், கட்டி முடிச்சும் அது தீராது.” சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையை, யாரோ புதிதாகக் கொடுத்த பொருளைப் போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் அங்கே இருந்ததே அவளுக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

பிறகு மடித்த பாரத்தை விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தி, காலியாக இருந்த கட்டத்தில் குறி போட்டாள். என் ‘உறையவில்லை’யை அழிக்க விடவில்லை. ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் ‘உறைந்தது’ என்று நேரத்தோடு எழுதச் சொன்னாள். எழுதினேன். ஆனால் அச்சிட்ட விடையை அடித்துவிட்டு வேறொன்றை எழுதுகிறவள் எப்படித் தேர்வில் தேறுவாள்? இதில் அவளுக்குச் சிரிப்பு வேறு.

அவள் துணி எடுக்க வெளியே போனபோது, அடித்த சொல்லின் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சரிக்குறி போட்டு வைத்தேன். அது இன்னும் அழியவில்லை. அம்மாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் முதல் கிண்ணத்தை முழுதாக நானே தின்று தீர்த்தேன். நாக்கு எரிந்துகொண்டேயிருந்தது.