ஸ்பேனர் அக்காவும் ஒழுகும் பம்ப்பும்

தையல் கம்பெனியில் அவளுக்கு ஸ்பேனர் அக்கா என்று பெயர். யாரும் அதைப் பாராட்டி வைக்கவில்லை. மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது அங்கே சட்டம். அவர் ஆடி அசைந்து வந்து சேர ஒரு மணி நேரமாகும். அந்த ஒரு மணி நேரத்தில் குறைந்த உருப்படிகளுக்குத் திட்டு விழுவதோ தைக்கிறவளுக்கு. மூன்று முறை வாங்கிக்கொண்டாள். நான்காவது முறை தானே ஸ்பேனரை எடுத்து மெஷினைத் திறந்துவிட்டாள். மேற்பார்வையாளர் எச்சரிக்கைக் கடிதம் நீட்டினார். கையெழுத்துப் போட்டு, அதன் கீழே "மெஷின் இப்போது ஓடுகிறது" என்று ஒரு வரியும் எழுதிக் கொடுத்தாள்.

ஐம்பது வயதை அவள் நெருங்கியபோது கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் பிந்தினாலும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அவள் ஒரு பழைய காரை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டு, தெருவில் இருந்த நான்கு தையல்காரிகளை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினாள். கணவர் பள்ளிக்கூடத்தில் எழுத்தர், சாது. கார் விஷயத்தில் அவருக்குக் கதவை இழுப்பதா தள்ளுவதா என்பதிலேயே சந்தேகம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பும்போது வெப்பம் காட்டும் முள் மேலே ஏறியது. மறுநாள் காலை காருக்கடியில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ரேடியேட்டரை நிரப்பிக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

பட்டறைக்காரர் இன்ஜின் மூடியைத் தூக்கினார். குனியவில்லை.

"இன்ஜின் போச்சும்மா. இறக்கணும். இறக்கினாலும் தேறாது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க."

"நீங்க குனிஞ்சே பாக்கலியே."

"வீட்ல ஆம்பளைங்க இருந்தா வரச்சொல்லுங்க, பேசிக்கலாம்."

"இருக்கார். இந்த மூடியை எப்படித் தூக்கறதுன்னே அவருக்குத் தெரியாது. எங்கிட்டயே பேசுங்க."

அவர் சிரித்தார். அவள் புடவையைச் செருகிக்கொண்டு தானே குனிந்தாள். இன்ஜினின் முன்பக்கம், விசிறிக்குப் பின்னால், தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் இருந்தது. அதன் அடியில் இருந்த சின்னத் துளையிலிருந்து தண்ணீர் சொட்டியது. விசிறியைப் பிடித்து ஆட்டினாள். கழலப்போகும் பல்லைப் போல ஆடியது.

"இன்ஜினுக்கு ஒண்ணுமில்ல. பம்ப்தான் ஒழுகுது."

"அவ்வளவு தெரிஞ்சா நீங்களே மாத்திக்க வேண்டியதுதானே?"

"மாத்திக்கறேன்."

அவள் அதுவரை கார் பம்ப் எதையும் கழற்றியதில்லை. ஆனாலும் வழியில் உதிரிபாகக் கடையில் இறங்கிப் புதுப் பம்ப், தண்ணீரில் கலக்கும் பச்சைக் கூலன்ட், பசை எல்லாம் வாங்கினாள். பம்ப்போடு ஒரு கேஸ்கெட் வந்தது, பம்ப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒழுகாமல் இருக்க வைக்கும் காகிதத் தகடு. துணி எடுத்தாலே ஒரு விரற்கடை கூடுதலாக எடுக்கிறவள், அதே காகிதத்தில் வெட்டாத தாள் ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீடு சேருவதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி இன்ஜினை ஆறவிட வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை வாசலில் வேலையை ஆரம்பித்தாள். பேட்டரி ஒயரைக் கழற்றினாள். கீழ்க் குழாயை உருவி, பழைய தண்ணீரைத் துணி அலசும் பேசினில் பிடித்தாள். பெல்ட்டைத் தளர்த்தி விசிறியை எடுத்தாள். பம்ப்பின் போல்ட்டுகள் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. மாறிப்போகாமலிருக்க ஓர் அட்டையில் பம்ப்பின் உருவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வைத்தாள். கணவர் டார்ச் பிடித்தார்.

"லைட்டை என் மூஞ்சில அடிக்காதீங்க. ஒழுகறது பம்ப்."

கடைசிப் போல்ட் துருவேறி அசையாமல் நின்றது. எண்ணெய் விட்டு, தட்டி, காத்திருந்து, மறுபடி தட்டினாள். அப்போதுதான் கணவரின் அண்ணன் வந்தார். பக்கத்துத் தெரு. காற்றில் சேதி பிடிப்பவர்.

"ஏம்மா, தெருவே பாக்குது. கரியும் கிரீஸுமா இதென்ன கோலம்? நம்ம குடும்பத்துல யாராவது இப்படி நடுவாசல்ல படுத்திருக்காங்களா?"

"உள்ளே காரைக் கொண்டுபோக முடியாது மாமா. வாசப்படி இடிக்கும்."

அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லக்கூடாதாடா?"

அண்ணன் பேச்சுக்கு ஒருநாளும் மறுபேச்சுப் பேசாதவர் கணவர். கொஞ்சம் யோசித்தார்.

"சொல்லலாம்ணே. ஆனா டார்ச் ஆடிடும்."

போல்ட் கிரீச்சென்று முனகிக்கொண்டு கழன்றது. அவள் பழைய காகிதத்தைச் சுரண்டி, புதுக் கேஸ்கெட்டோடு பம்ப்பை வைத்து, குறுக்கும் நெடுக்குமாகப் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். கழற்றிய மற்றவற்றையும் பூட்டி, தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டாள். முள் ஏறி நடுவில் நின்றது. அதற்குள் எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள் சேர்ந்திருந்தன.

பத்தாவது நிமிடம் பம்ப்பின் கீழ் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றார் அண்ணன். அவர் குரலில் வருத்தம் கொஞ்சமும் இல்லை.

அவள் இன்ஜினை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். முழங்கையிலும் விரல் மூட்டுகளிலும் தோல் உரிந்திருந்தது. கண் கலங்கிவிட்டது. குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். மறுநாள் ஐந்தேகாலுக்கு நான்கு பேர் முனையில் நிற்பார்கள். பட்டறைக்காரர், மேற்பார்வையாளர், வாசலில் நிற்கும் மூத்தவர், மூவரும் ஒரே முகமாகக் கண்முன் வந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மாமா, காபி சாப்பிடறீங்களா? இன்னும் நேரமாகும்."

"திரும்பவுமா கழட்டப்போறே?"

"ஒழுகுதே."

ஆறியதும் எல்லாவற்றையும் மறுபடி கழற்றினாள். கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தையலின் முடிச்சைத் தடவிப் பார்ப்பதுபோல விரல் நுனியால் இன்ஜினின் முகத்தைத் தடவினாள். கீழ் மூலையில் நெருடியது. நகத்துணுக்கு அளவுக்குப் பழைய காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளேடால் அதை வழித்தெடுத்தாள். புதுக் கேஸ்கெட்டோ நசுங்கிக் கிழிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

அவள் அந்த வெட்டாத தாளை எடுத்துப் பம்ப்பின் மேல் விரித்து, சுத்தியலால் ஓரங்களை மெல்லத் தட்டினாள். உலோகத்தின் விளிம்பு தாளில் கோடாகப் பதிந்தது. பித்தான் ஓட்டை வெட்டும் கத்தரியால் கோட்டின் மேலேயே வெட்டினாள். முப்பது வருடமாகக் கழுத்தும் கையும் வெட்டிய கை. பொருத்திப் பார்த்தபோது ஒரு நூல்கூடப் பிசகவில்லை. மெல்லியதாகப் பசை தடவி எல்லாவற்றையும் மறுபடி முடுக்கி, தண்ணீர் ஊற்றினாள்.

இன்ஜின் அரைமணி நேரம் ஓடியது. கணவர் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாள் காய்ந்தே கிடந்தது. அண்ணன் காபி டம்ளரை வைத்துவிட்டு, "ஏதோ இன்னிக்கு ஒழுகறது நின்னிருக்கு" என்று சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை முனையில் மூன்று பேர்தான் நின்றார்கள். நான்காமவள், கம்பெனியில் பித்தான் ஓட்டைக்குக் காஜா எடுப்பவள், காரை நம்பாமல் விடியுமுன்னே கிளம்பி நடந்துவிட்டாளாம். பாதி வழியில் மூச்சிரைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் கார் நின்றது.

"ஏறு."

"நேத்து நீங்களே காரைக் கழட்டினீங்களாமே அக்கா. வழியில நின்னுட்டா?"

"நின்னா இறங்கிச் சரி பண்ணுவேன். ஏறு, மணியாகுது."