மதினியின் மூன்று விசிறிகள்

சாப்பாட்டு மேசைமேல் அந்தக் கணினி மல்லாந்து கிடந்தது. கழற்றிய கண்ணாடிக் கதவைக் கட்டில் மெத்தையில் பத்திரமாகக் கிடத்திவிட்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு மதினி அதன் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜபாளையத்து மே மாத மதியம். தலைக்கு மேலே ஃபேன் அனலைத்தான் இறக்கிக்கொண்டிருந்தது. மதினி என் அண்ணனின் மனைவி. கல்யாணங்களை வீடியோ எடுப்பதும், வர முடியாதவர்களுக்கு அதை இணையத்தில் நேரலையாகக் காட்டுவதும் அவருடைய தொழில். ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே அந்தக் குட்டிப் பெட்டியை வாங்கியிருந்தார். வாங்கிய அன்று ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பொய்யான அடக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது.

அந்தப் பெட்டி எங்கள் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கைவிட்டது. பெரியப்பா மகளின் நிச்சயதார்த்தம் அன்று. பெரியப்பா இதய அறுவை சிகிச்சை முடிந்து மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். துணைக்கு என் அப்பா இருந்தார். ஒரே மகளின் கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று நாங்கள் சொன்னதற்கு, “எனக்காக எதையும் நிப்பாட்டக் கூடாது” என்று பெரியப்பாதான் பிடிவாதமாக மறுத்திருந்தார். மதினியின் நேரலையை நம்பித்தான் அவர் அப்படிச் சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியும். சரியாக மோதிரம் மாற்றப்போகிற நேரத்தில் கணினி சூடேறி, தானாக அணைந்துபோனது. மதினி பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டுச் சுரீரென்று இழுத்துக்கொண்டார். அதைத் திரும்ப உயிர்ப்பிப்பதற்குள் மோதிரம் மாற்றி, கேக் வெட்டி, பெரியவர்கள் ஜெபமும் முடித்துவிட்டார்கள். போனில் பெரியப்பா, “விடு ஆத்தா, மிஷின்தானே” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் மதினி தாங்கியிருப்பார். அந்த ‘விடு ஆத்தா’வைத்தான் தாங்க முடியவில்லை.

“கல்யாணத்துக்கு மதுரையிலருந்து வேற ஆளப் பாக்கட்டுமா?” என்று பெரியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். “எதுக்கு இந்தப் பாடு, போன்லயே காட்டிருவோம்” என்றான் அண்ணன். மதினி இரண்டையும் ஏற்கவில்லை. “சர்ச்சு எம்புட்டு நீளம்? பின்னாலருந்து போன்ல காட்டுனா தலைதான் தெரியும். மக மொகம் தெரியணும்ல அவியளுக்கு” என்றார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி ஆசிரியை. கோடை விடுமுறை என்பதால் அந்த வாரம் முழுக்க ராஜபாளையத்தில் அவரோடுதான் இருந்தேன். பெட்டிக்குள் பின்பக்கம் ஒரே ஒரு விசிறி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காற்று உள்ளே வர வழியே இல்லை. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இன்னும் இரண்டு விசிறி வைப்பது என்று மதினி முடிவு செய்தார். கடையில் வாங்கிய விசிறி கீழே போகவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு இடித்தது. பாதிக் கனத்தில் ஒல்லியான விசிறி ஒன்று மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. அது சொல்லிவைத்ததுபோல் உட்கார்ந்தது. அடுத்த சிக்கல் இணைப்பு. விசிறியைச் செருக மதர்போர்டில் ஒரே ஒரு முனைதான். அதையும் பழைய விசிறி பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்றிலேயே எல்லாவற்றையும் தொங்கவிட்டால் போர்டு தாங்காமல் போகலாம் என்று மதினி பயந்தார். கடைசியில் ஒன்றை மூன்றாகப் பிரிக்கும் வயர் ஒன்றை வாங்கிவந்தார். மின்சாரத்தை அது நேரே பவர் சப்ளையிலிருந்து எடுத்துக்கொள்ளும். வேகத்தை மட்டும் போர்டிடம் கேட்டுக்கொள்ளும். அந்த வயர்களை மதினி பெட்டியின் முதுகுப்பக்கமாக ஓட்டி இறுக்கிக் கட்டினார்.

மூன்றும் சுற்றின. சூடு மட்டும் இறங்கவில்லை. பழைய கல்யாண வீடியோ ஒன்றை ஓடவிட்டுச் சோதித்தபோது பெட்டி முன்போலவே கொதித்தது. அண்ணன் எழுந்து வெளியே போனான். மதினி பெட்டியைச் சுற்றிச் சுற்றிக் கைவைத்துப் பார்த்தார். பிறகு, “ஏட்டி, கொசுவத்திச் சுருள் இருந்தா பத்தவச்சு எடுத்தா” என்றார். சுருளைப் பெட்டிக்குக் கீழே காட்டினார். புகை உள்ளே போனது. பின்னால் காட்டினார், வெளியே தள்ளியது. மேலே காட்டினார். புகை எழும்பாமல், பெட்டிக்குள்ளேயே விழுந்தது. மேல் விசிறியைத் தலைகீழாகப் பூட்டியிருந்தோம். மேலேறி வந்த சூட்டை அது திரும்ப உள்ளேயே அமுக்கிக்கொண்டிருந்தது. “பாத்தியா, எங்க கெடந்து மொறைக்குதுன்னு” என்று மதினி சிரித்த சிரிப்பை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது. திருப்பிப் பூட்டினோம். அதே வீடியோ மதியம் முழுக்க ஓடியது. பெட்டியின் தலைமேல் கைவைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அண்ணன் திரும்பிவந்து கைவைத்துப் பார்த்தான். எடுக்கவே மனமில்லாமல் நெடுநேரம் வைத்திருந்தான்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில். சர்ச்சில் ஓர் ஓரமாக மேசை போட்டு மதினி உட்கார்ந்தார். பீடத்தருகே இருந்த கேமராவை நான் பார்த்துக்கொண்டேன். தகப்பன் கைபிடித்து வர வேண்டிய பெண், பெரியம்மாவின் கைபிடித்து வந்தாள். பாதி வழியில் நின்று, நேரே கேமராவைப் பார்த்து, “அப்பா, வாரேன்” என்றாள். மதினியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் திரையில் இருந்த வெப்ப அளவைவிட்டு நகரவில்லை. திருமண வாக்குறுதி சொல்லி, தாலி கட்டி, ஆசீர்வாதம் முடியும்வரை படம் ஒரு துடிப்புகூடத் தடுமாறவில்லை. அதற்குப் பிறகுதான் மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவ்வளவோடு எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அப்போது அப்பா போன் செய்தார். “ஒங்க பெரியப்பா பந்தியப் பாக்கணுங்காக. வந்தவங்க சாப்டாகளான்னு தெரியாம படுக்க மாட்டேங்காக” என்றார். சாப்பாட்டுக்கூடம் தகரக் கொட்டகை. பக்கத்திலேயே அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. சர்ச்சுக்குள் இருந்த குளிர்ச்சியில் பாதிகூட அங்கே இல்லை. நான் மதினியைப் பார்த்தேன். “தூக்கு” என்றார்.

இன்று மதினிக்கு மம்சாபுரம், வ. புதுப்பட்டி என்று எங்கிருந்தெல்லாமோ கல்யாணங்கள் வருகின்றன. பெரிய கணினிகூட வாங்கிவிட்டார். பெரியப்பா தேறி, காலையில் நடக்கப் போகிறார். ஆனால் அன்று அந்தக் கொட்டகையில், வேர்த்து வடிந்த எங்கள் நடுவில், மூன்று விசிறிகளும் இரைந்துகொண்டு அந்தக் குட்டிப் பெட்டி உழைத்ததுபோல் நான் வேறெந்த மிஷினையும் பார்த்ததில்லை. ஸ்பீக்கரில் போட்ட போனில், மதுரையிலிருந்தபடியே பெரியப்பா பந்தி விசாரித்தார். “அந்தக் கடைசி எலைக்குச் சோறு போடுங்க.” “மாப்பிள்ளை வீட்டாளுகளுக்குப் பாயாசம் இன்னொரு கை விடுங்க.” படம் அவருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேரும், அவர் சொல்லி முடிப்பதற்குள் போட்டு முடித்திருப்பார்கள். இருந்தாலும் பரிமாறியவர்கள் ஒவ்வொரு முறையும் கேமராவைப் பார்த்து, “போட்டாச்சு மாமா” என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். பந்தி மேல் பந்தியாக எல்லோரும் சாப்பிட்டு எழுந்தார்கள். கடைசி இலையையும் எடுத்த பிறகு போனில் பெரியப்பாவின் குரல் வந்தது.

“எல்லாரும் வயிறாரச் சாப்டாக. போதும் ஆத்தா, இனி அணைச்சிரு. நான் செத்த நேரம் படுக்கேன்.”

அவர் சொன்ன பிறகுதான் மதினி அணைத்தார்.