நல்லதாகப் பார்த்து ஒன்று

பெங்களூரு பக்கத்து ஆனேக்கலில், தன் சின்ன ஷெட்டில் முனிராஜ் செய்யும் ஸ்பிரிங்கை நம்பித்தான் தமயந்தி வேலை பார்க்கும் பம்ப் கம்பெனி ஓடியது. ஒரே ஆளை நம்புவது ஆபத்து என்று மேலிடம் சீனாவில் இன்னொருவரைப் பிடித்தது. பார்த்துச் செய்ய அங்கே ஒரு மாதிரி வேண்டும்; ஃபாரினுக்கு என்று மட்டும் சொல்லி அதை வாங்க வந்திருந்தாள் தமயந்தி. அது போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து மலிவுச் சரக்கு வந்து இந்த ஷெட்டுக்குப் பூட்டுதான்.

"ஃபாரினுக்கா மேடம்? சுமாரானது குடுத்தா மரியாதை போயிடும்," என்று முனிராஜ் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து ஒதுக்கினார். "நம்ம சரக்கு பிளேன் ஏறுது, நான்தான் இன்னும் ஓசூர் தாண்டல!"

தன் வீட்டின் முதல் பட்டதாரியான, அவள் சம்பளத்தையே வீடு நம்பியிருந்த தமயந்தி உண்மையைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். தான் மறுத்தாலும் வேறு யாராவது வந்து வாங்கிப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சமாதானம் அவளுக்கே கூசியது.

அவர் துடைத்துக் கொடுத்ததைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த ஆர்டர் பெருசா வருமா மேடம்?"

"பாக்கலாம்ண்ணா," என்றாள்.