மாப்பிள்ளை காரும் இரண்டு ஸ்டீரிங் பாக்ஸும்

திருவண்ணாமலையில் கொஞ்ச காலமாகக் கல்யாணம் செய்துகொண்ட மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் உண்ணாமலையின் முதுகைப் பார்த்தபடிதான் மண்டபம் போய்ச் சேர்ந்தார்கள் என்றால், அது மிகை. கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம். ஊர்வலக் காரை ஓட்டுவது அவள்தான்.

காரைச் செய்தது அவள் புருஷன் ராஜமாணிக்கம். வேங்கிக்காலில் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கிறார். ஒரு பழைய ஜீப்பின் சேஸிஸ் மேல் தகரத்தைத் தட்டி, நீள மூக்கும் உருண்டை விளக்கும் திறந்த பின்சீட்டும் வைத்து, வெள்ளைக்காரன் காலத்து கார் மாதிரி செய்துவிட்டார். செங்கம் ரோட்டில் போனால் ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஓடி வந்து படம் பிடித்துக்கொண்டு, எந்த வருஷத்துக் கார் என்று கேட்பார்கள். "போன தீபாவளிக்குத்தான் பெயிண்ட் அடிச்சோம்" என்பாள் உண்ணாமலை.

கார் அழகுதான். ஸ்டீரிங்தான் சனியன். ஜீப்போடு வந்த ஸ்டீரிங் பாக்ஸ், கையின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பல்சக்கரப் பெட்டி, உள்ளே தேய்ந்துபோய், ஸ்டீரிங்கைக் கால் சுற்று திருப்பினால்தான் சக்கரத்துக்கு விஷயமே தெரியும். ஊர்வலம் என்பது நடக்கிற வேகம். முன்னால் மேளக்காரர்கள், அவர்களுக்கும் பம்பருக்கும் நடுவில் பின்னால் பார்க்காமல் ஆடுகிற பையன்கள், கையை விடுவித்துக்கொண்டு ஓடி வரும் குழந்தைகள். வண்டி மெதுவாகப் போகப் போக ஸ்டீரிங் கனக்கும். பெரிய தெரு முனையில் திருப்பி முடிப்பதற்குள் அவளுக்கு வலது தோள் கழன்றுவிடும். ஆனாலும் இன்றுவரை ஒரு கொலுசுக்காலைக்கூட அவள் சக்கரம் தொட்டதில்லை.

இந்த முறை மகள் வினோதினிக்கே கல்யாணம். "என் பொண்ணு ஊர்வலத்துக்கு இந்தப் பாக்ஸோட வண்டி கிளம்பாது" என்று உண்ணாமலை தீர்த்துச் சொல்லிவிட்டாள். ராஜமாணிக்கம் ஒரு பாக்ஸ் வாங்கி வந்தார். அச்சுக்கு முன்னால் உட்கார வேண்டியதை, அங்கே இடமில்லை என்று இவர் பின்னால் வைத்து முடுக்கிவிட்டார். அவள் ஏறி வலது பக்கம் திருப்பினாள், சக்கரம் இடது பக்கம் திரும்பியது. "கண்ணாடி பாத்துகினு ஓட்டணுமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்ததை வாங்க அவளும் கூடவே கிளம்பினாள்.

பழைய சாமான் கடை காசி இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஜீப் பாக்ஸ்தான், உள்சாமான் எல்லாம் புதிதாக மாற்றியது. இன்னொன்று மினி லாரியில் கழற்றிய பவர் ஸ்டீரிங். இதற்கு எஞ்சினில் ஒரு பம்ப் சேர்த்து பெல்ட் போட வேண்டும். அதற்கு இடம் இருக்கிறதா என்று அவள் வீட்டிலேயே சாண் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"இதான்" என்று மினி லாரிப் பாக்ஸைத் தொட்டாள். "ஒத்த விரல்ல திரும்பும்."

"அதுக்கு வேல ஜாஸ்தி. ஜீப்பே போதும்" என்றார் ராஜமாணிக்கம்.

"கனக்குமேங்க."

"கனத்தா கனக்கட்டும். நீயா ஓட்டப்போற?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பிரயோசனம்? காசி சட்டென்று எதையோ தேடுவதுபோல் உள்ளே போய்விட்டார்.

"நான் ஓட்டாம வேற யாரு?"

"மாப்ள வீட்ல விரும்பல. சம்பந்தியம்மா டிரைவர் சீட்ல உக்காந்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களாம். போளூர்லேந்து ஒரு டிரைவர வரச்சொல்லியிருக்கேன்."

உண்ணாமலைக்கு உச்சந்தலை வரை கொதித்தது. ஊரான் பிள்ளைகளை எல்லாம் பூப்போல இறக்கிவிட்டாளே, அப்போது யார் வாயும் பேசவில்லையே, தன் மாப்பிள்ளையை அழைத்து வர மட்டும் எவனோ ஒருத்தன் வர வேண்டுமா? அந்தத் தெரு முனையில் சாக்கடை மூடி எங்கே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அவனுக்குத் தெரியுமா? அதைவிட, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முடிவு செய்துவிட்டார்களே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கடை வாசலிலேயே நின்று, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் சம்பந்தி வெள்ளையம்மாளுக்கு போன் போட்டாள். ராஜமாணிக்கம் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"நான் வண்டி ஓட்டினா உங்களுக்கு இன்னாங்க கொறஞ்சி போவுது?"

அந்தப் பக்கம் வெள்ளையம்மாள் திகைத்துப்போனாள். "ஐயோ, நாங்க எதுவும் சொல்லலீங்களே! மாமியார்தான் வண்டி ஓட்டினு வருவாங்கனு எம்புள்ள ஊரெல்லாம் சொல்லிகினு திரியறான். உங்க பொண்ணுதான் அவங்கிட்ட வேணாம்னு சொல்லிச்சாம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

உண்ணாமலை போனை வைத்தாள். திட்டுவதற்கென்று வாய்வரை வந்து நின்றதெல்லாம் எங்கே போவது என்று தெரியாமல் நெஞ்சில் அடைத்தது. ராஜமாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண் மேல் பழி வரக் கூடாது என்று சம்பந்தி வீட்டின் மேல் போட்டிருக்கிறார், பெரிய மனுஷர். அவள் மினி லாரிப் பாக்ஸைத் தானே இழுத்து ஆட்டோவில் ஏற்றினாள். வழி நெடுக முகத்தை வெளிப்பக்கமே திருப்பிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் வினோதினி பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்கூட வேல செய்றவங்கல்லாம் வருவாங்கம்மா" என்றாள். "அன்னைக்கி ஒரு நாள், மண்டப வாசல்ல ஆரத்தித் தட்டோட, எல்லா அம்மாவும் மாதிரி நில்லும்மா. அவ்ளோதான் கேக்கறேன்."

"எந்த அம்மா மாதிரி? பேரு சொல்லு."

வினோதினி மஞ்சளைத் தொட்டு அடுத்த பத்திரிகையை எடுத்தாள்.

"நீ சின்னதுல, நான் ஓட்டின ஸ்கூல் வேன்ல எம்பக்கத்து சீட்லயே தூங்குவ. ஸ்டாப்பிங் வந்தா நீதான் எட்டி ஆரன் அடிப்ப. அப்ப வராத வெக்கம் இப்ப எங்கேந்துடீ வந்திச்சி? எனக்குத் தெரிஞ்ச தொழில நாந்தான் செய்வேன். ஆரத்தி எடுக்க உங்க அத்தை இருக்கா."

வினோதினி அழ ஆரம்பித்தாள். கல்யாணப் பெண், கண்ணைக் கசக்குகிறதே என்று உண்ணாமலையின் கை தானாக நீண்டது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, விறுவிறுவென்று ஷெட்டுக்குப் போனாள்.

ராஜமாணிக்கம் காரின் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "அப்ப, போளூர் டிரைவரு?"

"கூப்புட்டது நீங்கதான? நீங்களே வேணாம்னு சொல்லுங்க."

"பொண்ணு அழுவுதேடி."

"அழட்டும். நானும்தான் அழுதேன், ஆட்டோல. திரும்பிப் பாத்தீங்களா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாக்ஸை அவர் காலருகே நகர்த்தி வைத்தாள். அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பி, உள்ளே கேட்கிற மாதிரியே சொன்னாள்:

"வண்டிய நாந்தான் ஓட்டுவேன். நான் அன்னைக்கிக் கட்டிக்கப் போற பொடவைய வேணும்னா அவளே எடுக்கட்டும். எந்தக் கலர் எடுத்தாலும் கட்டிக்கறேன்."